பத்து அங்குலக் கிராப்பி

மார்ச் 9, சனி

அமெரிக்காவுக்கு வந்து நாலு நாளாகியும் உடம்புக்கு இன்னும் ஊர் நேரம்தான். மத்தியானம் சாப்பிட்ட கையோடு கண்ணைச் சொருகுகிறது, விடியற்காலையில் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். மகள் வடிவுக்கு இது மூன்றாம் மாதம். தண்ணீரைத் தவிர எதைக் கண்டாலும் குமட்டுகிறது. கடுகு தாளித்தால் ஓட்டம், டிகாக்ஷன் இறங்கினால் ஓட்டம். என் மனைவி கனி சமையலையே கார் நிறுத்துகிற கொட்டகைக்கு மாற்றிவிட்டாள். அங்கே ஒரு மின்சார அடுப்பு, பக்கத்தில் புல் வெட்டுகிற எந்திரம், இரண்டுக்கும் நடுவில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முத்திரை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, ராஜபாளையம் பஜாரையே நடுங்க வைத்தவன். இங்கே கனி அதட்டினால் நானே நடுங்குகிறேன்.

வீடு நல்ல வீடு. வடிவின் வீட்டுக்காரர் ரெஜிஸ் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அப்பா கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். இவர் மீன்வளம் படித்துவிட்டு, இந்த மாநில அரசாங்கத்தில் ஏரி மீன்களைக் கணக்கெடுக்கிற உத்தியோகம் பார்க்கிறார். கல்யாணம் நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கேயே பதிவு அலுவலகத்தில் நடந்தது. எங்களால் வர முடியவில்லை. விசா கிடைக்கவில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தோம். விண்ணப்பித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 10

ஞாயிறு. ரெஜிஸ் அவருடைய அம்மாவோடு வீடியோவில் பேசுகிற நேரம். நான் நடக்கப் போய்விட்டேன். காது மடல் விறைக்கிற குளிர்.

மார்ச் 13

இன்று சாப்பாட்டு மேஜையில் சண்டை. சண்டை என்று கனி சொல்கிறாள், நான் விவாதம் என்கிறேன்.

பக்கத்தில் டாலிவர் ஏரி என்று ஒன்று இருக்கிறதாம். அதில் கிராப்பி என்று ஒரு மீன். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த மீன் என்றால் உயிர். முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது வரை, எந்த அளவென்றாலும் பிடித்துக்கொள்ளலாம். வழித்துத் துடைத்துவிட்டார்கள். பெரிய மீனே கண்ணில் படவில்லை. ரெஜிஸ் ஆராய்ந்து ஒரு சட்டம் எழுதினார். பத்து அங்குலத்துக்குக் குறைந்த மீனை ஏரியிலேயே விட்டுவிட வேண்டும், ஆளுக்குப் பதினைந்து மீனுக்கு மேல் கூடாது. ஒரு வருஷம் சோதனைக்கு அமலில் இருக்கிறது. அடுத்த மாதம் பொதுக்கூட்டம். அதில் மீன்வளக் குழு ஒப்புக்கொண்டால் சட்டம் நிலைக்கும், இல்லாவிட்டால் பழைய கதைதான்.

"நல்ல சட்டம். எல்லா ஏரிக்கும் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"எல்லாத்துக்கும் போட முடியாது மாமா. ஏரிக்கு ஏரி மாறும்."

எனக்குச் சூடு ஏறிவிட்டது. "ஒரு கிலோன்னா ராஜபாளையத்துலயும் ஒரு கிலோதான் தம்பி, ராமேஸ்வரத்துலயும் ஒரு கிலோதான். இடத்துக்கு இடம் மாறுனா அதுக்குப் பேரு சட்டமா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "டாலிவரச் சுத்தி வயக்காடு மாமா. மழைக்கு உரம், எரு எல்லாம் கரைஞ்சு வந்து சேருது. பாசி ஏராளம், பாசியத் திங்கிற பூச்சி ஏராளம், பூச்சியத் திங்கிற குஞ்சு மீன் ஏராளம். எட்டு அங்குலக் கிராப்பிய விட்டா, ஒரே வருஷத்துல பத்தத் தாண்டிரும். மலைப்பக்கம் ஒரு ஏரி இருக்கு. தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கும். ஆனா அதுல சாப்பாடு கிடையாது. அங்க போயி இதே சட்டத்தப் போட்டா, சின்ன மீனெல்லாம் கூட்டங்கூட்டமா நின்னு பட்டினி கெடந்து எட்டு அங்குலத்துலயே கெழடாயிரும்."

"அப்ப அங்க?"

"அங்க சின்னதையும் பிடிச்சுச் சாப்பிடுங்கன்னு நாங்களே கெஞ்சுவோம்."

ரசம் ஊற்றச் சொன்னேன்.

மார்ச் 16, சனி

பிடித்துவிட்டேன்! என் கையால், என் தூண்டிலில்! இதை எழுதும்போதும் கை துறுதுறுவென்று இருக்கிறது.

காலையில் ரெஜிஸ் கூப்பிட்டார். "மாமா, சும்மா வந்து பாருங்க." எனக்கு மீன்பிடி உரிமம் வேண்டும் என்றேன். "போட்டுல உட்கார்ந்திருக்கத் தேவையில்ல" என்றார். தூண்டிலைத் தொட்டால்? உரிமம் இல்லாமல் தூண்டில் நரம்பைக்கூடத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வழியில் வெர்னன் என்கிற பெரியவரின் தூண்டில் கடையில் நிறுத்தி வாங்கினோம். வெர்னனுக்கு என்னைவிட வயது அதிகம், வயிறும் அதிகம். ரெஜிஸைப் பார்த்ததும், "வந்துட்டாரய்யா பத்து அங்குலம்" என்று கடையில் இருந்த எல்லோரையும் சிரிக்க வைத்தார். சட்டத்துக்கு எதிர்க்கட்சித் தலைவர் இவர்தானாம். ஆனால் என் தூண்டில் முள்ளுக்கு இறகு கட்டிக் கொடுத்தவரும் இவர்தான்.

ஏரித் தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருந்தது. "என்ன தம்பி, இவ்வளவு அழுக்கா இருக்கு?" என்றேன். "அழுக்கு இல்ல மாமா, அதான் சோறு" என்றார்.

முதல் மீன் கடித்ததும் வெட்டி இழுத்தேன். போய்விட்டது. இரண்டாவதும் போச்சு. "மாமா, வெட்டாதீங்க! அதுக்கு வாய் காகிதம் மாதிரி, கிழிஞ்சுரும். அப்படியே சும்மா தூக்குங்க!" மூன்றாவது கடித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு, பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குகிற மாதிரி தூக்கினேன். வந்துவிட்டது! தட்டையான வெள்ளி உடம்பு, மேலெல்லாம் மைப் புள்ளி. நம் ஜிலேபிக் கெண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். போட்டில் நான் எழுந்து நின்று கத்தியதில் பக்கத்துப் போட்டுக்காரர் பயந்துபோனார்.

அளந்தோம். ஒன்பதே முக்கால்.

"விட்ரணும் மாமா."

"கால் அங்குலந்தானே! எங்க டிபார்ட்மெண்ட்ல பிழை வரம்புன்னு ஒண்ணு அனுமதிப்போம்."

"ஏரியில அது கெடையாதே."

என் முதல் மீன்! தண்ணீரில் விட்டபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. அதன் பிறகு பதினொரு அங்குலத்தில் ஒன்று, பத்தரையில் இரண்டு. மீனைத் தொட்ட கையை மோந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வடிவு வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, உள்ள வராதீங்க!" என்று அலறினாள். கொட்டகையில் குளித்தேன்.

மார்ச் 17

ஞாயிறு. வீடியோ நேரம். புல் வெட்டினேன். புல் அவ்வளவாக வளர்ந்திருக்கவில்லை.

மார்ச் 20

ரெஜிஸ் தன் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். மீனின் தலைக்குள் அரிசி நொய் அளவுக்கு ஒரு கல் இருக்கிறது. காதுக்குள் இருக்கிற கல்லாம். அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் வட்டம் வட்டமாகத் தெரிகிறது. ஒரு குளிர்காலத்துக்கு ஒரு வளையம். மீனால் வயதை மறைக்கவே முடியாது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. கடவுளே குத்தின முத்திரை!

ஒரு கல்லை வைத்து, "இது எத்தன வயசு சொல்லுங்க மாமா" என்றார். எண்ணினேன், நாலு. "அப்ப நாங்க கல்யாணம் பண்ண வருஷம் பொறந்திருக்கு. நல்லா வளர்ந்திருச்சு, பதிமூணு அங்குலம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தார்.

திரும்பி வரும்போது காரில் கண்ணை மூடிக்கொண்டேன். நுண்ணோக்கியில் பார்த்துக் கண் வலி.

மார்ச் 24

பைத்தியம் பிடித்துவிட்டது என்று கனி சொல்கிறாள். பிடித்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஏரிக்கரை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். தினமும் போகிறேன். கரையோரம் தண்ணீர் சூடேற ஆரம்பித்திருக்கிறது, கிராப்பிகள் முட்டையிட ஆழத்திலிருந்து மேலே வருகின்றன. தக்கை ஒரு முறை நடுங்கும், பிறகு சாய்ந்து படுக்கும், அவ்வளவுதான், தூக்க வேண்டியது. அந்தத் தக்கை நடுங்குகிற கணத்தில் எனக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, பென்ஷன், எதுவும் ஞாபகம் இல்லை.

வெர்னன் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிட்டார். "உன் மருமகன் நல்ல பையன்தான், ஆனால் புத்தகப் பையன். சின்ன மீனை விட்டால் சின்ன மீன்தான் மிஞ்சும். என் பண்ணைக் குட்டையில் நானே பார்த்தேன்" என்கிறார். அவர் குட்டையில் தண்ணீர் தெளிவாக இருக்குமா என்று கேட்டேன். அடி தெரியும் என்று பெருமையாகச் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டேன்.

பதினான்கு அங்குலத்தில் ஒன்று பிடித்தேன்!!

மார்ச் 30, சனி

மானம் போய்விட்டது.

இன்று ரெஜிஸ் வேலையாக ஏரியின் மறுகரையில் இருந்தார். நான் தனியாகக் கரையில். அப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை. போட்டால் கடி, போட்டால் கடி! ஒவ்வொன்றையும் என் சொந்த இரும்பு அளவுகோலில் அளந்தேன். மூக்கு முதல் வால் நுனி வரை, இரண்டு முறை. குறைந்ததையெல்லாம் விட்டேன். பதினொரு மீன், ஒன்றுகூடப் பத்துக்குக் கீழே இல்லை. வேண்டுமானால் சத்தியம் பண்ணுவேன்.

பிறகுதான் புத்திசாலித்தனம் பண்ணினேன். வீட்டில் பிள்ளைக்கு மீன் வாடை ஆகாது. கொட்டகையில் கழுவினாலும் உள்ளே அடிக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் மீன்காரம்மாவிடமே ஆய்ந்து வாங்கி வருவோமே, அதே போல இங்கேயே முடித்துவிடலாம் என்று கல் மேல் உட்கார்ந்து செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, வாலை நறுக்கி, தலையையும் வெட்டினேன். தலைக்குழம்பு வைக்க வேண்டும் என்று கனி சொல்லியிருந்ததால் தலைகளைத் தனிப் பையில் போட்டேன். எல்லாவற்றையும் ஏரித் தண்ணீரில் அலசி, பளபளவென்று எடுத்து வைத்தேன். மீன் வாடை இல்லாத வீடு, பிள்ளைக்கு நிம்மதி, எனக்கு நல்ல பெயர்.

அப்போது மீன்வளத் துறைக் காவலர் வந்தார். ஹாலி என்று நெஞ்சில் பெயர் எழுதிய, என்னைவிட ஒரு முழம் உயரமான பெண். பையைத் திறந்து ஒரு மீனை எடுத்துத் தன் டேப்பை வைத்தார். ஏழரை அங்குலம். அடுத்தது ஏழேகால்.

"அம்மா, தலை இருக்கிறது!" என்றேன்.

"எங்கே?"

இன்னொரு பையைக் கவிழ்த்தேன். பத்துத் தலைகள் என்னையே பார்த்தன. அந்தக் கல்லின் மேல் நான் மண்டியிட்டு உட்கார்ந்து, எந்த உடம்புக்கு எந்தத் தலை என்று பொருத்த ஆரம்பித்தேன். வெட்டு வாய்க்கு வெட்டு வாய் வைத்து, வாலைத் தேடிப் பின்னால் ஒட்டி, "இதோ பாருங்கள், பத்தேகால்! இது பத்தரை!" வேர்த்து ஊற்றியது. அந்தப் பெண்ணும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இல்லை, அது இதனுடைய தலை என்று நினைக்கிறேன்" என்று உதவி பண்ண ஆரம்பித்துவிட்டார். பதினோராவதுக்குத் தலையைக் காணோம். நான் மும்முரமாக இருந்தபோது ஒரு கொக்கு தூக்கிப்போயிருக்க வேண்டும்.

ஹாலி எழுந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் ஏரியை விட்டுக் கிளம்பும் வரை மீன் முழுசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவன் எட்டு அங்குல மீனை வெட்டி வைத்துக்கொண்டு, தலையைக் கொக்கு தூக்கிப்போச்சு என்பான்."

நீ நல்லவனா இருக்கலாம்ப்பா, நான் பார்க்க வேண்டியது உன் தராசை என்று எத்தனை கடைக்காரர்களிடம் நானே சொல்லியிருப்பேன்! அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "உலகநாதன்" என்று என் பெயரை எழுத்துக் கூட்டி எழுத அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

நிமிர்ந்து பார்த்தால் வெர்னன் கரையில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 31

படம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. 'பத்து அங்குலத்தின் மாமனார்' என்று மேலே எழுதியிருக்கிறதாம். வடிவு காட்டினாள். மண்டியிட்டுத் தலை பொருத்திக்கொண்டிருக்கிறேன். வழுக்கை நன்றாகத் தெரிகிறது.

ரெஜிஸைக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். "தம்பி, அந்த ஹாலி உங்க டிபார்ட்மெண்ட்தானே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்ருவாங்கல்ல?"

"சொன்னா கிழிச்சிருவாங்க மாமா."

"அப்ப சொல்லுங்க."

"கிழிச்சிருவாங்க, அதனாலதான் சொல்ல முடியாது."

அவ்வளவுதான் பேச்சு. மாமனாருக்காக ஒரு வார்த்தை! ஊரில் என்றால் யார் செய்ய மாட்டார்கள்? ரேஷன் கடைக்காரன்கூட மச்சினனுக்காக இரண்டு பேரிடம் பேசுவான். இந்த ஆளுக்கு என் மேல் கோபம் இருக்கிறது, நாலு வருஷத்துக்கும் சேர்த்துத் தீர்த்துக்கொள்கிறார் என்று கனியிடம் சொன்னேன். கனி பாத்திரத்தை டங்கென்று வைத்துவிட்டு, "தீர்த்துக்கிட்டா என்ன தப்பு?" என்றாள்.

ஏப்ரல் 1

போய்ப் பணம் கட்டிவிட்டேன். வரிசையில் நின்றேன். ஹாலிதான் ஜன்னலில். சும்மா வர மனசில்லாமல், "உங்கள் டேப்பை யாராவது சரிபார்த்து முத்திரை குத்தியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். தெரியவில்லையே என்றார். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏரிக்குப் போகவில்லை.

ஏப்ரல் 3

ஏரிக்குப் போகவில்லை. துணி மடித்தேன்.

ஏப்ரல் 5

வடிவு இன்று இட்லி சாப்பிட்டாள். இரண்டு. உள்ளேயே தங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கனி வீட்டுக்குள்ளேயே சாம்பார் தாளித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் வடிவு என்னோடு பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டுமாக இப்படி உட்கார்ந்ததில்லை.

"அப்பா, கூட்டம் பதினோராந் தேதி. வெர்னன் அன்னைக்கு உங்க படத்தப் பெருசாப் போட்டுக் காட்டப் போறாராம். சொந்த மாமனாரே மதிக்காத சட்டம்னு சொன்னா, குழுவுல ரெண்டு பேரு அந்தப் பக்கம் சாஞ்சிருவாங்க. சட்டம் விழுந்தா ஏரி மறுபடி காலி. அவரோட ரெண்டு வருஷ வேலையும் காலி. அடுத்த ஏரிக்குப் போறேன்னு இவர் எந்த மூஞ்சிய வச்சுக் கேப்பாரு?"

"அதான் கிழிக்கச் சொன்னேன்!"

"அப்பா." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த ஒரு வாரமா உங்கள ஒரு வார்த்த சொன்னாரா?"

இல்லை.

"என்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கிழம அவங்க அம்மாகிட்டப் பேசும்போது பக்கத்துலதான் இருந்தேன். மாமா நம்ம ஆளுக மாதிரியே தூண்டில் போடுதாங்கம்மா, கை நல்ல கை அப்படின்னு சொல்லிட்டு இருந்தாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று எழுதினால் போதாது, படியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அந்த மனிதர் மீன்காரர் வீட்டுப் பிள்ளை என்று கல்யாணத்துக்கு முன்னால் நான் சொன்ன வார்த்தையெல்லாம் இவள் காதில் விழுந்திருக்கும். அவர் காதிலும் விழுந்திருக்கும். அவரோ என் கையை நல்ல கை என்கிறார்.

ஏப்ரல் 7

மாப்பிள்ளையோடு ஏரிக்குப் போனேன். மீன் பிடிக்கவில்லை. வலை விரித்து அளந்து விடுகிற கணக்கெடுப்பு. அவர் மீனை எடுத்துத் தர நான் அளந்து சொன்னேன், வடிவு கரையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். போன வருஷம் எட்டு அங்குலத்தில் பார்த்த கூட்டம் இந்த வருஷம் பத்தே முக்கால், பதினொன்று என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் கத்த, மாப்பிள்ளை சிரிக்க, வலை கனத்து வர, அடடா! இந்த ஏரி நிஜமாகவே வாரிக் கொடுக்கிறது. இதையா கைவிடுவார்கள்?

கூட்டத்துக்கு நான் வரக் கூடாது என்று வடிவு சொல்கிறாள். வருவேன் என்றேன்.

ஏப்ரல் 11

வீட்டுக்கு வந்து கால் கழுவினதும் இதைத்தான் எடுத்தேன். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடம். தொப்பி போட்ட தலைகளாக நிறைந்திருந்தது. முன்னால் குழு, ஐந்து பேர். மாப்பிள்ளை திரையில் படம் போட்டுப் பேசினார். ஏப்ரல் ஏழில் நாங்கள் அளந்ததெல்லாம் கோடாக ஏறிக்கொண்டு போனது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, கனி தொடையில் கிள்ளினாள்.

பிறகு வெர்னன் எழுந்தார். பண்ணைக் குட்டையைச் சொன்னார். மாப்பிள்ளை, "உங்கள் குட்டை தெளிந்த தண்ணீர் ஐயா, அங்கே நீங்கள் சொல்வதுதான் சரி. அங்கே சின்னதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். டாலிவர் பச்சைத் தண்ணீர்" என்றார். வெர்னன் அதற்கு மேல் அதைப் பேசவில்லை. செல்போனைத் தூக்கிக் காட்டினார். திரையில் நான், மண்டியிட்டு.

கூடம் சிரித்தது. வெர்னன் கையை உயர்த்தி அடக்கிவிட்டுக் கேட்டார். "இவர் நல்ல மனுஷர், என் கடை நாற்காலியில் உட்காருகிறவர். இவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். என் பேரன் இதையே செய்திருந்தால் அபராதம் கட்டியிருப்பான். அதிகாரியின் மாமனாருக்கு என்ன ஆயிற்று? அந்தச் சீட்டு இப்போது எங்கே இருக்கிறது?"

இதுதான் அவர் கையில் வைத்திருந்த கத்தி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீன் அல்ல, சீட்டு. மாப்பிள்ளை அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த நிமிஷம் எல்லாம் முடிந்திருக்கும். எழுந்துவிட்டேன். வடிவு, "அப்பா!" என்றாள்.

என் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ்தான், ஆனாலும் சத்தமாக வந்தது. "ஐயா, நான் இந்தியாவில் எடையளவு ஆய்வாளர். கள்ளத் தராசு வைத்தவர்களை மட்டும் இல்லை, நல்ல தராசுக்கு முத்திரை வாங்க மறந்தவர்களையும் பிடித்தவன். தலை இல்லாத மீனை யாராலும் அளக்க முடியாது. அந்த அம்மா என்னைப் பிடித்தது சரி. சீட்டைக் கிழிக்கச் சொல்லி என் மருமகனிடம் கேட்டேன். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பணம் கட்டிவிட்டேன்."

பின்னால் சுவரோரம் நின்ற ஹாலி, "கட்டிவிட்டார், வரிசையில் நின்று. என் டேப்பில் முத்திரை இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டுப் போனார்" என்றார்.

கூடம் வெடித்துச் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. வெர்னன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "கிழித்திருப்பார் என்று நினைத்துத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குழு கை தூக்கியது. முதல் இரண்டு கை உடனே உயர்ந்தது. எதிர்த்து இரண்டு. கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பேனாவைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். கனி என் கையை நெரித்தாள். அந்த அம்மாள் கையைத் தூக்கினார். ஜெயித்துவிட்டோம்! மூன்றுக்கு இரண்டு! டாலிவர் ஏரிக்குப் பத்து அங்குலம், நிரந்தரமாக! நான் விசில் அடித்தேன். காலேஜில் அடித்தது, வருமா என்ற சந்தேகத்தோடுதான் அடித்தேன், வந்துவிட்டது.

வெளியே கார் பக்கத்தில் வந்து நின்றதும் மாப்பிள்ளை ஊருக்குப் போன் போட்டார். அங்கே பொழுது விடிந்திருந்தது. அவருடைய அம்மா கோயிலில் முதல் பூசை முடித்து வந்து, தலையில் போட்ட முக்காடு எடுக்காமல் நின்றிருந்தார். "எம்மா, ஜெயிச்சிட்டோம்மா. மாமாதாம்மா எந்திரிச்சு..."

"குடுங்க மாப்பிள்ள" என்று கையை நீட்டினேன்.

வடிவும் கனியும் அசையாமல் நின்றார்கள். போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். "சம்பந்தியம்மா, நான் வடிவோட அப்பா." நாலு வருஷம் கழித்து ஒருவன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற லட்சணம் இது. நன்றாகத் திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

"அண்ணே! நல்லா இருக்கியளா? சாப்பிட்டியளா?"

"இனிமேதாம்மா."

"புள்ளைக்கு வாந்தி நின்னுச்சா?"

"கொறஞ்சிருக்கு. இட்லி தங்குது." அப்புறம் எப்படியோ ஆரம்பித்தேன். "அம்மா, உங்க பையன நான்..." கண் நிறைந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில், அத்தனை தொப்பிக்காரர்கள் முன்னால்.

"அது கெடக்கட்டும் அண்ணே" என்றார்கள். "என்ன மீனு அது, கிராப்பியா? வாயி ரொம்ப மெலிசாமே. எப்படித் தூக்குதிய?"

எப்படித் தூக்குவதென்று சொன்னேன். தக்கை சாய்வது, நரம்பைத் தளர விடாதது, முட்டையிட மேலே வருவது, பதினான்கு அங்குலம் பிடித்த கதை, கொக்கு தலையைத் தூக்கிப்போன கதை. கொக்குக் கதைக்குச் சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது. மாப்பிள்ளை காரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் காரைத் தவிர எல்லாக் கார்களும் போய்விட்டன.

"ஊருக்கு வந்ததும் வீட்டுக்கு வாறியளா அண்ணே?" என்று கேட்டார்கள்.

"வாறேம்மா. நாங்க ரெண்டு பேரும் வாறோம்."

என்றைக்கு என்று கேட்டார்கள். தேதி சொன்னேன்.